தலைமை ஆசிரியை தெரசா

நுழையும்முன்

அன்னை தெரசா என்றதும், நீலக்கரையிட்ட வெள்ளைப் புடவையும் நோயாளியின் அருகே குனிந்திருக்கும் முதிய முகமும் நம் நினைவுக்கு வரும். அந்தப் புடவையை உடுத்துவதற்கு முன் அவர் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்று, போரும் பஞ்சமும் கலவரமும் சூழ்ந்த நாள்களில் அதனைக் காத்தார். பலரும் அறியாத அந்த வாழ்க்கைப் பகுதியை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாவின் தென்கிழக்கில் ஸ்கோப்ஜே என்னும் நகரம் உள்ளது. இன்று அது வட மாசிடோனியா நாட்டின் தலைநகரம். அந்நகரில் அல்பேனிய மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் நிக்கோலா, திரானா. குழந்தைக்கு ஆக்னஸ் கோஞ்சா எனப் பெயரிட்டனர். அல்பேனிய மொழியில் கோஞ்சா என்பதற்கு மலரின் மொட்டு என்று பொருள். ஆகா என்னும் அக்காவும் லாசர் என்னும் அண்ணனும் ஆக்னஸுக்கு இருந்தனர்.

தந்தை வணிகர்; வசதியாக வாழ்ந்த குடும்பம். 1919ஆம் ஆண்டு தந்தை திடீரென மறைந்தார். தாய் திரானா மனம் தளரவில்லை. தையல் வேலையும் துணி வணிகமும் செய்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். தம் வீட்டிலேயே வறுமை நுழைந்திருந்தபோதும், பசியென்று வந்தவர்க்கு உணவிடுவதை அவர் நிறுத்தவில்லை. பகிர்ந்துண்ணும் பண்பை ஆக்னஸ் கற்றது அத்தாயின் சமையலறையில்தான்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று வளர்ந்தவர் ஆக்னஸ். அந்நகரில் அல்பேனியர் சிறுபான்மையினர். ஆதலால் வீட்டு வாசலைத் தாண்டியதும் பிறமொழியில் பேசவும் எழுதவும் அவர் பழகவேண்டியிருந்தது. மும்பையில் வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசும் உங்களுக்கு இந்நிலை புதிதன்று.

கடல் கடந்த பயணம்

வங்காளத்தில் பணிபுரிந்த அருள்பணியாளர்களைப் பற்றிய செய்திகளைக் கேட்டுக் கேட்டு, இந்தியாவுக்குச் சென்று தொண்டாற்ற வேண்டும் என்னும் ஆசை ஆக்னஸின் உள்ளத்தில் வேரூன்றியது. அயர்லாந்து நாட்டின் லொரேட்டோ சபைக் கன்னியர் 1841ஆம் ஆண்டே கல்கத்தாவுக்கு வந்து பெண்களுக்கான பள்ளிகளைத் தொடங்கியிருந்தனர். அச்சபையில் சேர ஆக்னஸ் முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

1928ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் ஸ்கோப்ஜேயை விட்டுப் புறப்பட்டார். தாயும் அக்காவும் ஜாக்ரெப் நகர்வரை உடன்வந்து, தொடர்வண்டி நிலையத்தில் விடைகொடுத்தனர். அதன்பின் தாயை அவர் கண்ணால் காணவே இல்லை. பிற்காலத்தில் தாயும் அக்காவும் அல்பேனியாவில் வாழ்ந்தனர். அந்நாட்டு அரசு அவர்களை வெளியே செல்ல விடவில்லை. 1972இல் தாய் மறைந்தார். உலகத்தார் பலரும் அன்னை என்றழைத்த ஒருவர், தம்மைப் பெற்ற அன்னையை நாற்பதாண்டுகளுக்கு மேலாகக் காண இயலாமலே இருந்தார்.

அயர்லாந்தில் சில வாரங்கள் தங்கி ஆங்கிலம் கற்ற ஆக்னஸ், டிசம்பர் மாதத் தொடக்கத்தில் கப்பலேறினார். கப்பல் கொழும்பைத் தொட்டு, சென்னைத் துறைமுகத்தில் நின்றது. இந்திய மண்ணில் அவர் கண்ட முதல் நகரம் நம் சென்னையே. வீடின்றித் தெருவோரத்தில் பனையோலைப் பாய்களின்மேல் குடும்பம் குடும்பமாக மக்கள் வாழ்ந்ததைக் கண்டு அவர் நெஞ்சம் கலங்கினார். 1929ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் கல்கத்தாவை அடைந்தார்.

புதிய பெயர், புதிய மொழி

டார்ஜிலிங் மலைநகரில் ஆக்னஸ் துறவுப் பயிற்சி பெற்றார். 1931ஆம் ஆண்டு மே மாதம் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தபோது, லிசியே நகரத்துப் புனித தெரசாவின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். பயிற்சிக் காலத்திலேயே வங்கமொழியையும் இந்தியையும் கற்கத் தொடங்கினார். வங்கமொழியில் அவர் பெற்ற தேர்ச்சியைக் கண்டு, உடனிருந்த கன்னியர் அவரை வங்காளத் தெரசா என்றே குறிப்பிட்டனர்.

பின்னர் அவர் கல்கத்தாவின் எண்டாலிப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே உயர்ந்த மதிலுக்குள் பரந்த வளாகம் ஒன்று இருந்தது. அவ்வளாகத்தில் லொரேட்டோ சபையினர் ஆங்கிலவழிப் பள்ளியை நடத்தினர். அதே வளாகத்தில் வங்கமொழிவழியில் பாடம் சொல்லும் புனித மரியாள் பள்ளியும் இருந்தது. பெற்றோரை இழந்த சிறுமியரும், எளிய குடும்பத்துப் பெண்களும், நடுத்தர வகுப்பினரும் அங்கே ஒன்றாகப் படித்தனர். வங்கப் பெண்களே உறுப்பினராக இருந்த புனித அன்னாள் சபைக் கன்னியர் அப்பள்ளியில் உடன்பணியாற்றினர். அவர்கள் புடவை உடுத்தித் தம் தாய்மொழியிலேயே கற்பித்தனர்.

தெரசா அங்கே வரலாறும் புவியியலும் கற்பித்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆசிரியை, வங்கச் சிறுமியருக்கு வங்கமொழியிலேயே பாடம் நடத்தினார். மாணவியர் தம் மொழிக்கு வரட்டும் என்று காத்திராமல், தாம் மாணவியர் மொழிக்குச் சென்றது அவருடைய ஆசிரியப் பணியின் முதற்சிறப்பு.

துடைப்பம் ஏந்திய ஆசிரியை

எண்டாலியில் கற்பித்ததோடு, நகரின் மற்றொரு பகுதியில் இருந்த புனித தெரசா தொடக்கப்பள்ளியிலும் அவர் பாடம் நடத்தினார். அது நீண்ட கூடம் ஒன்றில் ஐந்து வகுப்புகள் நடைபெற்ற பள்ளி. ஏழைக் குழந்தைகள் நிறைந்திருந்த அக்கூடம் தூசியடைந்து கிடந்தது.

முதல் நாள் அங்கே சென்ற தெரசா பாடநூலைத் திறக்கவில்லை. கைச்சட்டையை மடக்கிவிட்டு, பொருள்களை நகர்த்தி வைத்து, தண்ணீரும் துடைப்பமும் எடுத்துத் தரையைப் பெருக்கிக் கழுவத் தொடங்கினார். குழந்தைகள் திகைத்து நின்றனர். துப்புரவுப் பணியைத் தாழ்வாகக் கருதி, அதனைச் சில சாதியாரின் தலையில் சுமத்தியிருந்த காலம் அது. ஆசிரியை ஒருவர் துடைப்பம் ஏந்தியதை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. சற்று நேரத்தில் சிறுமியர் உதவிக்கு வந்தனர். சிறுவர்கள் தண்ணீர் சுமந்தனர். கூடம் தூய்மையாயிற்று. எந்த வேலையும் இழிவன்று என்னும் பாடத்தை அன்று அக்குழந்தைகள் கண்ணால் கற்றனர். நாளடைவில் அக்குழந்தைகள் அவரை அம்மா என்றே அழைத்தனர்.

1937ஆம் ஆண்டு மே மாதம் அவர் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். அச்சபையின் வழக்கப்படி அன்றுமுதல் அன்னை தெரசா என அழைக்கப்பெற்றார்.

தலைமைப் பொறுப்பு

இரண்டாம் உலகப் போர் கல்கத்தாவையும் விட்டுவைக்கவில்லை. எண்டாலி வளாகத்தை இராணுவ மருத்துவமனைக்காக ஆங்கில அரசு எடுத்துக்கொண்டது. வங்கவழிப் பள்ளி வேறு கட்டடத்துக்கு இடம்பெயர்ந்து இயங்கவேண்டியதாயிற்று. 1943ஆம் ஆண்டு வங்கப் பெரும்பஞ்சம் வந்தது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி போரினால் நின்றது; இருந்த தானியத்தின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. சிற்றூர்களிலிருந்து பசியோடு நகருக்கு வந்தவர்கள் தெருக்களிலேயே மடிந்தனர். அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் என மதிப்பிடுவர்.

இத்தகைய சூழலில், 1944ஆம் ஆண்டு, அன்னை தெரசா புனித மரியாள் பள்ளியின் தலைமை ஆசிரியை ஆனார். அமைதியான நாள்களில் தலைமை ஆசிரியையின் பணி கால அட்டவணையோடும் தேர்வுகளோடும் முடிந்துவிடும். அன்னைக்கு வாய்த்த நாள்களோ வேறு. பள்ளியின் விடுதியில் தங்கியிருந்த பெண்களுக்கு அடுத்த வேளை உணவுக்கு வழி தேடுவதும், அச்சத்தில் இருந்த பிள்ளைகளுக்குத் துணிவூட்டுவதும், அவற்றினூடே பாடங்கள் தடைப்படாமல் காப்பதும் அவருடைய கடமைகள் ஆயின. ஆசிரியர் குறைந்தபோது கூடுதல் வகுப்புகளைத் தாமே எடுத்தார். நோயுற்ற மாணவியரின் படுக்கையருகே அமர்ந்தார்.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவில் பெருங்கலவரம் மூண்டது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தனர். கடைகள் மூடப்பட்டன. உணவு கொண்டுவரும் வண்டிகள் நின்றன. விடுதியில் ஏறத்தாழ 300 பெண்கள் உண்ண உணவின்றி இருந்தனர். மடத்துக் கன்னியர் வெளியே செல்லக்கூடாது என்பது சபையின் விதி. விதியைக் காப்பதா, பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பதா என்னும் கேள்வி எழுந்தபோது அன்னை தயங்கவில்லை. தனியாகத் தெருவில் இறங்கினார். எங்கும் பிணங்கள் கிடந்தன. வழியில் அவரைக் கண்ட படைவீரர்கள், இந்நேரத்தில் தெருவில் நடமாடுவது ஆபத்து என எச்சரித்தனர். அன்னை தம் மாணவியரின் நிலையை எடுத்துரைத்தார். அவர்கள் அவரைத் தம் சரக்குந்திலேயே பள்ளிக்கு அழைத்துவந்து, அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுச் சென்றனர்.

மதிலுக்கு அப்பால்

எண்டாலி வளாகத்தின் மதிலை ஒட்டி மோதிஜீல் என்னும் குடிசைப்பகுதி இருந்தது. மோதிஜீல் என்றால் முத்து ஏரி என்று பொருள். பெயரில் இருந்த அழகு இடத்தில் இல்லை. நடுவே அழுக்கு நீர் தேங்கிய குளம். சுற்றிலும் நெருக்கமான குடிசைகள். குழந்தைகள் செல்லப் பள்ளி இல்லை.

பள்ளியின் மூத்த மாணவியர், மரியன்னையின் பெயரால் அமைந்த மாணவியர் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்தனர். இயேசு சபைத் துறவியான ஜூலியன் ஆன்றி அடிகளார் அவர்களை வழிநடத்தினார். வாரந்தோறும் அவர்கள் மோதிஜீலுக்குச் சென்று ஏழைகளைச் சந்தித்தனர். மருத்துவமனை நோயாளிகளுக்கு ஆறுதல் கூறினர். மடத்து விதியின்படி அன்னையால் அவர்களுடன் செல்ல இயலாது. மாணவியர் திரும்பிவந்து கூறியவற்றை அவர் கேட்டறிந்தார். தாம் கற்பித்த பிள்ளைகள் மதிலைக் கடந்து சென்று திரும்பியதை ஒவ்வொரு வாரமும் கண்டார்.

கலவரம் நடந்த அடுத்த மாதம், செப்டம்பர் 10ஆம் நாள், டார்ஜிலிங்குக்குத் தொடர்வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளிடையே வாழ்ந்து பணியாற்ற இறைவன் தம்மை அழைப்பதாக அவர் உணர்ந்தார்.

பிரிவு

அந்த அழைப்பை ஏற்பது எளிதாக இல்லை. வகுப்பறையையும் மாணவியரையும் அவர் உயிராய் நேசித்தார். வீட்டைவிட்டு வந்த துன்பத்தைக் காட்டிலும் லொரேட்டோவை விட்டுச் செல்வது தமக்குப் பெருந்துன்பமாக இருந்தது எனப் பிற்காலத்தில் கூறினார். மேலும், துறவி ஒருவர் தாமாக மடத்தை விட்டுச் செல்ல இயலாது. பேராயர் பெரியர் அவசரப்படாமல் ஆராய்ந்தார். இதற்கிடையே 1947ஆம் ஆண்டு சனவரி மாதம் அன்னை அசன்சோல் நகருக்கு மாற்றப்பட்டார். ஆறு மாதங்களுக்குப்பின் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே உரோமிலிருந்து அனுமதி வந்தது.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், நீலக்கரையிட்ட எளிய வெள்ளைப் புடவையை முதன்முதலாக உடுத்தி, மடத்தின் வாயிலைக் கடந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு ஆகவிருந்தது. முதலில் பாட்னாவுக்குச் சென்று மருத்துவத் தொண்டு செய்யும் கன்னியரிடம் செவிலியர் பயிற்சி பெற்றார். டிசம்பர் மாதம் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

மண்ணில் எழுதிய எழுத்து

மோதிஜீலில் அவர் தொடங்கிய முதற்பணி, பள்ளி நடத்துவதேயாகும். கட்டடம் இல்லை, பலகை இல்லை, இருக்கை இல்லை. மர நிழலில் குழந்தைகளை அமர்த்தி, குச்சியால் தரையில் வங்க எழுத்துகளை எழுதிக் கற்பித்தார். அழுக்கோடு வந்த குழந்தைகளைக் குளிப்பாட்டினார். தூய்மையாக வந்தோர்க்குச் சவர்க்காரக் கட்டியைப் பரிசாக வழங்கினார். சில நாள்களில் அக்கம்பக்கத்தார் மேசை, நாற்காலி, நூல்கள் எனத் தம்மால் இயன்றவற்றைக் கொடுத்து உதவினர். முந்நூறு பெண்கள் தங்கிய விடுதியைக் கட்டிக்காத்த தலைமை ஆசிரியை, ஒரு மரத்தடியில் மீண்டும் அகர எழுத்திலிருந்து தொடங்கினார்.

மாணவியர் தொடர்ந்த பணி

1949ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் தங்கியிருந்த அறையின் கதவைத் தட்டி ஒரு பெண் வந்து நின்றார். புனித மரியாள் பள்ளியில் அன்னையிடம் படித்த சுபாஷினி தாஸ் அவர். ஆசிரியையோடு சேர்ந்து உழைக்க விரும்புவதாகத் தெரிவித்தார். பட்டாடையும் அணிகலனும் அணிய வாய்ப்பிருந்த பெண், எளிய புடவையை விரும்பிக் கேட்டார். அன்னையின் இயற்பெயரான ஆக்னஸ் என்பதையே அவர் தம் துறவுப் பெயராகக் கொண்டார். அடுத்து மக்தலேனா கோமஸ் வந்தார். முதலில் வந்து சேர்ந்த பத்துப் பேரும் அன்னையின் மாணவியரே.

அவர்களுள் சிலர் இறுதித் தேர்வை எழுதாமலே வந்திருந்தனர். தொண்டு செய்ய வந்தவர்க்குத் தேர்வு எதற்கு என்று அன்னை எண்ணவில்லை. பகலெல்லாம் குடிசைகளில் உழைத்த அப்பெண்களை மாலையில் அமர்த்தித் தாமே பாடம் கற்பித்துத் தேர்வெழுதச் செய்தார். மக்தலேனா கோமஸ் பிற்காலத்தில் மருத்துவம் பயின்று, அச்சபையின் முதல் மருத்துவர் ஆனார்.

1950ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அன்பின் பணியாளர் சபை முறையாக ஏற்கப்பட்டது. 1952இல், சாகும் நிலையில் கைவிடப்பட்டவர்களுக்காகக் காளிகட்டில் நிர்மல் இருதய் இல்லம் திறக்கப்பட்டது. இந்தியக் குடியுரிமை பெற்ற அன்னைக்கு 1962இல் பத்மஸ்ரீ, 1979இல் அமைதிக்கான நோபல் பரிசு, 1980இல் பாரத ரத்னா எனச் சிறப்புகள் வந்துசேர்ந்தன. அந்த நெடிய பணியின் முதல் வரிசையில் நின்றவர்கள், அவரிடம் வரலாறும் புவியியலும் கற்ற பெண்களே. ஒரு பள்ளியின் வலிமையை அதன் மதில்களால் அளப்பதைவிட, அதிலிருந்து வெளியேறும் மாணவியரின் வாழ்வால் அளப்பதே பொருந்தும்.

மும்பையும் அன்னையும்

1964ஆம் ஆண்டு டிசம்பரில் மும்பை ஓவல் மைதானத்தில் கத்தோலிக்கரின் உலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. அதற்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய விலையுயர்ந்த வெள்ளை நிறக் காரை அன்னையின் பணிக்காக வழங்கிச் சென்றார். அன்னை அதில் ஏறிப் பயணம் செய்யவில்லை. குலுக்கல் சீட்டு நடத்தி அதனைப் பணமாக்கி, தொழுநோயாளருக்காக அசன்சோல் அருகே உருவான சாந்தி நகர் குடியிருப்புக்குச் செலவிட்டார். மும்பை பைகுலாவில் அவருடைய சபையினர் நடத்தும் ஆஷா தான் இல்லம் இன்றும் ஆதரவற்றோர்க்கு நிழல் தருகிறது.

1997ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அன்னை தெரசா கொல்கத்தாவில் காலமானார். நம் நாட்டில் அது ஆசிரியர் நாள். 2016இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

சொல்லும் பொருளும்

மதில் – சுற்றுச்சுவர்
வார்த்தைப்பாடு – துறவியர் இறைவன்முன் அளிக்கும் உறுதிமொழி
சரக்குந்து – லாரி
சவர்க்காரம் – சோப்பு
மடிந்தனர் – இறந்தனர்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஆக்னஸ் இந்திய மண்ணில் கண்ட முதல் நகரம் ________.
2. மோதிஜீல் என்பதன் பொருள் ________.
3. அன்னை தெரசா தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்ற ஆண்டு ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. வகுப்பறை 2. பெருந்துன்பம் 3. முதற்பணி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அன்னையின் செயலைக் கண்டு திகைத்தது ஏன்?
2. அன்னையோடு முதலில் வந்து சேர்ந்தவர்கள் யாவர்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. கலவர நாளில் அன்னை மடத்தின் விதியை மீறியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. தம்மிடம் வந்த பெண்களைத் தேர்வெழுதச் செய்ததன் வழியே அன்னையின் எந்தப் பண்பு வெளிப்படுகிறது?

உ. செயல்பாடு
தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் குடியேறிய உங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம், அவர் மும்பைக்கு வந்தபோது மராத்தியோ இந்தியோ எவ்வாறு கற்றார் எனக் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.